எடைக்கு வந்த பதக்கத்தை யாரிடம் கொடுப்பது?

சரி, அடுத்த கேள்வி கும்பகோணத்திலிருந்து. பாத்திரக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பழைய பித்தளையை எடைக்கு எடுத்தபோது ஒரு தகரப் பெட்டியும் வந்தது. உள்ளே வட்டமான வெண்கலத் தகடு, ஒரு வெள்ளிப் பதக்கம், மடித்த கடிதம். தகட்டில் நம் பக்கத்துப் பெயர் ஒன்று இங்கிலீஷில் இருக்கிறது. உருக்கக் கொடுக்க மனசு வரவில்லை. அந்தக் குடும்பத்தைத் தேடிக் கொடுக்க வழி உண்டா?"

உருக்காமல் எடுத்து வைத்தீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய தகட்டின் படத்தைப் பார்த்தேன். ஒரு பெண் மாலையை நீட்டி நிற்கிறாள், பக்கத்தில் சிங்கம். முதல் உலகப் போரில் உயிர்விட்டவர்களின் வீட்டுக்கு பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தகடு அது. சுமார் 12 செ.மீ. அகலம். 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள். போரில் பிழைத்தவருக்கு இது கிடையாது. ஆக, இந்த மனிதர் பிழைக்கவில்லை.

தகட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும். சாவில் மேல் கீழ் வேண்டாம் என்று பதவியைப் போடாமல் விட்டார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தேடுகிறவருக்கு அது போதாது. கோவிந்தசாமி என்றால் எந்தக் கோவிந்தசாமி? அதனால் பதக்கத்தை எடுங்கள். அதன் விளிம்பைச் சுற்றிப் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். தயவுசெய்து விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள், தகட்டுக்குப் புளியும் வேண்டாம். உங்கள் கடையில் எது வந்தாலும் பளபளவென்று ஆக்குவது பழக்கம், தெரியும். ஆனால் அந்த எழுத்துகள் மெல்லியவை, தேய்ந்துபோனால் ஆளே தொலைந்துபோவார். விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பதக்கத்தை மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு எழுத்தாகத் தெரியும்.

அந்தப் படை எண்ணை வைத்து, உலகப் போர்களில் இறந்த வீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. சில பதிவுகளில் தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா வரை இருக்கும். 'தஞ்சாவூர் மாவட்டம்' என்று போட்டிருந்தால் இன்றைய தஞ்சாவூரிலேயே நின்றுவிடாதீர்கள். நாகப்பட்டினம் பிரிந்தது 1991-ல், திருவாரூர் 1997-ல், மயிலாடுதுறை 2020-ல். நன்னிலம் தாலுகா என்றால் திருவாரூர் பக்கம் போங்கள். மாயவரம் என்றிருந்தால் அது இன்றைய மயிலாடுதுறை. பதிவே கிடைக்காமலும் போகலாம். இந்தியச் சிப்பாய்கள் பலரைப் பெயர் சொல்லி நினைவுகூராமல் விட்டதை அந்த ஆணையமே 2021-ல் ஒப்புக்கொண்டது.

கிராமம் தெரிந்துவிட்டால் அப்புறம் நம் ஊர் வழிதான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லாமலே இறந்திருக்கலாம், அண்ணன் தம்பி வம்சமும் பிழைப்புக்காகத் திருச்சி, சென்னை என்று போயிருக்கலாம். ஆனால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க அவர்கள் வருவார்கள். கோயில் பூசாரியைக் கேளுங்கள், எந்த வகையறா எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். கட்டிக்கொடுத்த பெண்கள் வழியையும் விடாதீர்கள். பிறந்த வீட்டுக் கதை பல குடும்பங்களில் அத்தை, பாட்டி வாயில்தான் தங்கியிருக்கிறது.

பெயரையும் எண்ணையும் வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். பதக்கங்களை விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பொய்ச் சொந்தம் கொண்டாடிக்கொண்டு வருவார்கள். முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். தகப்பனார் பெயரோ ஊரோ அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

முதல் தடவை போகும்போது பெட்டியை எடுத்துப் போகாதீர்கள். இதுதான் எனக்கு முக்கியம். அந்த வீட்டிலிருந்தே யாரோ கஷ்டத்துக்கு அதை எடைக்குப் போட்டிருக்கலாம். அப்படியே இருந்தாலும் "எப்படி விற்க மனசு வந்தது?" என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. விஷயத்தைச் சொல்லுங்கள், வேண்டுமா என்று கேளுங்கள், யோசிக்க நாள் கொடுங்கள். துர்மரணம் நடந்தவரின் பொருளை வீட்டில் வைக்கத் தயங்குகிறவர்களும் உண்டு. அதையும் மதிக்க வேண்டும். வேண்டாம் என்றால், பதக்கத்தின் விளிம்பில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையின் பெயர் இருக்கும் பட்சத்தில், அவர்கள் சம்மதத்தோடு பெங்களூரில் அந்தப் படையின் அருங்காட்சியகத்தைக் கேட்கலாம்.

வேண்டும் என்றால் தகடு, பதக்கம், கடிதம் எல்லாவற்றையும் அதே தகரப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். பிரித்துக் கொடுத்தால் அடுத்த தலைமுறைக்கு எது யாருடையது என்றே தெரியாது. கடிதத்தைப் படம் எடுப்பதாக இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். அது ஒருவர் தன் வீட்டுக்கு எழுதியது. சால்வை, மேடை எல்லாம் அவர்களாக ஆசைப்பட்டால் மட்டும்.

எடைக்குக் கொடுத்த பணத்தைக் கேட்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். கேட்காதீர்கள். அந்த வீடு ஒரு பிள்ளையையே கொடுத்திருக்கிறது. விளிம்பில் உள்ள எழுத்துகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், படிக்க நானும் உதவுகிறேன்.