வெட்டவெளியில் எதிரொலி கிடையாது

நண்பர்களே, வணக்கம்.

ட்ரோன் இசை இங்கே இருக்கும் பலருக்கும் பழக்கமானதுதான். தாளம் கிடையாது, பாட்டு கிடையாது. சுருதி மட்டும் அரை மணி, ஒரு மணி என்று நீண்டுகொண்டே போகும். அதற்குள்ளேயே மெல்ல மெல்ல நிறம் மாறும். இப்படி இசை செய்யும் இளைஞர்கள் தங்கள் படைப்புகளை எனக்கு அனுப்புகிறார்கள். பாலைவனம், பனிவெளி, புல்வெளி என்று தலைப்பு வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக் கேட்டால், பெரிய தேவாலயத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு ரிவெர்பை, அதாவது ஒலியை எதிரொலித்து நீளவைக்கும் வசதியை, முழுசாக ஏற்றிவிடுகிறார்கள். கார்வை, அதாவது சுரம் நின்ற பிறகும் அடங்காமல் நீளும் ஒலி, இருபது முப்பது வினாடி இழுக்கிறது. கேட்க அழகாகவே இருக்கிறது. ஆனால் வெட்டவெளி அப்படி ஒலிப்பதில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

ஒலி திரும்பி வர வேண்டுமானால் அது மோத ஏதாவது வேண்டும். சுவர், கூரை, மலை, ஏதோ ஒன்று. தட்டையான மணல்வெளியில் நின்று கைதட்டினால், தட்டிய ஒலி போனது போனதுதான். நீண்ட கார்வை என்பது அடைபட்ட இடத்தின் குணம். 1988ல் அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஆலிவெரோஸும் அவருடைய நண்பர்களும் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஃபோர்ட் வொர்டன் கோட்டையின் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி வாசித்துப் பதிவு செய்தார்கள். அங்கே ஒரு சுரம் அடங்க 45 வினாடி ஆகும். அற்புதமான பதிவு அது. ஆனால் அந்த 45 வினாடியைக் கொடுத்தது நான்கு பக்கமும் சூழ்ந்த கான்கிரீட்.

சரி, அப்படியானால் வெளியை எதைக் கொண்டு காட்டுவது? முதலில் தூரத்தால். காற்று எல்லா ஒலியையும் ஒரே அளவில் தின்பதில்லை. 20 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள், 125 ஹெர்ட்ஸ் ஒலி வெறும் 0.3 டெசிபல் இழக்கிறது. 8000 ஹெர்ட்ஸ் ஒலியோ 77 டெசிபல் வரை இழந்துவிடுகிறது. அதாவது, இல்லாமலே போகிறது. இடி பக்கத்தில் விழுந்தால் படீரென்று வெடிப்பதும், தொலைவில் விழுந்தால் வெறும் உறுமலாக வருவதும் ஓரளவு இதனால்தான். ஆகவே ரிவெர்ப் குமிழை விட்டுவிட்டு, ஒலியின் கூர்மையைக் குறைக்கும் ஃபில்டரைத் தொடுங்கள். கூர்மையை எடுக்க எடுக்க ஒலி பின்னால் நகரும்.

ஜெர்மனியின் இசைக் கலைஞர் தாமஸ் கோனர் இதைப் பிரமாதமாகச் செய்திருக்கிறார். 1990க்கும் 1993க்கும் இடையே அவர் வெளியிட்ட 'நுனாடக் கொங்காமூர்', 'டைமோ', 'பெர்மாஃப்ராஸ்ட்' ஆகிய மூன்று தொகுப்புகளும் துருவப் பனியை நினைத்துச் செய்தவை. மூலம் பெரும்பாலும் காங் என்கிற வெண்கல வட்டத்தட்டு. அதை அடிப்பதோடு நிறுத்தாமல், தேய்த்தும் உரசியும் பதிவு செய்து, வெண்கலத்தின் பளபளப்பு முழுவதையும் வழித்தெடுத்துவிட்டு அடிநாதத்தை மட்டும் விட்டுவைத்தார். அதைக் கேட்கும்போது குளிர்வது எனக்கு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது விஷயம், அருகாமை. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய வெளியில் நிற்பவனுக்கு மிகத் தெளிவாகக் கேட்பது அவன் காலடியில் நொறுங்கும் சருகும், சட்டைக் காலர் படபடப்பதும்தான். தொலைவின் முணுமுணுப்புக்குப் பக்கத்தில் காதோரம் ஒரு சின்ன ஒலியை வைத்துப் பாருங்கள், நடுவில் இருக்கும் அத்தனை காலி இடமும் தானாக விரியும். ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோ 1982ல் நிலக்காட்சிகளை வைத்துச் செய்த 'ஆன் லேண்ட்' தொகுப்பில் கல், குச்சி, சங்கிலி, தவளை, பூச்சி என்று கைக்கெட்டும் பொருள்களின் ஒலியெல்லாம் கலந்திருக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஆளிடம் வருகிறேன். ஆலன் லாம்ப், ஆஸ்திரேலியர், தொழிலால் மருத்துவ ஆய்வாளர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில், கைவிடப்பட்ட தொலைபேசிக் கம்பிகள் காற்றில் பாடுவதை 1980களில் பதிவு செய்தார். கம்பியைத் தாண்டிப் போகும் காற்று, அதன் பின்பக்கம் மேலும் கீழுமாகச் சுழல்களை உதிர்த்துக்கொண்டே போகிறது. வினாடிக்கு எத்தனை சுழல் என்பது காற்றின் வேகத்தையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது. மூன்று மில்லிமீட்டர் கம்பி, வினாடிக்கு ஐந்து மீட்டர் காற்று என்றால் ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸ். கம்பி மிக நீளமானது என்பதால் அது ஒலிக்கக்கூடிய சுரப் படிகள் ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும். காற்று கொஞ்சம் ஏறினாலும் ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும். எந்த சிந்தசைசரும் இவ்வளவு நுணுக்கமாக நகர்ந்து நான் கேட்டதில்லை.

இதை நீங்களும் செய்யலாம். பஸ்ஸருக்குள் இருக்கும் பித்தளை வட்டு, பீசோ என்பார்கள், அதிர்வை மின்சாரமாக மாற்றும்; எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டு ஒயரைப் பற்றவைத்து, இழுத்துக் கட்டிய வேலிக்கம்பியில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அதை மைக் சாக்கெட்டில் நேராகச் செருகினால் அடிநாதம் காணாமல் போய் ஒலி தகரமாகிவிடும். கிட்டார் இன்புட்டில் செருகுங்கள். அப்புறம், மின்கம்பி பக்கமே போகாதீர்கள்.

காலி நிலம் ஊமை நிலமும் இல்லை. அண்டார்டிகாவின் ராஸ் பனித்தட்டில் நிலநடுக்கக் கருவிகளைப் புதைத்து வைத்தவர்கள், பனிமேடுகள் மீது வீசும் காற்றால் அதன் மேற்பரப்பு ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருப்பதை 2018ல் வெளியிட்டார்கள். நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த அதிர்வு அது. பதிவை ஓட்டும் வேகத்தைக் கூட்டினால்தான் கேட்கும்.

அடுத்தது, காலம். அமெரிக்க இசையமைப்பாளர் லா மாண்டே யங் 1935ல் ஐடஹோவில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். மரவீட்டின் இடுக்குகளில் காற்று ஊளையிட்டதையும் மின் டிரான்ஸ்ஃபார்மர்களின் ரீங்காரத்தையும் தன் முதல் இசை நினைவுகளாகச் சொல்கிறார். 1960ல் அவர் எழுதிய ஒரு படைப்பில் இரண்டே சுரங்கள்தான்; நீண்ட நேரம் பிடிக்கவும் என்று ஒரு குறிப்பு. அந்த இரண்டும் நம் கணக்கில் ச, ப. பத்து வருடம் கழித்து அவர் இந்துஸ்தானி இசையின் கிரானா கரானா என்ற பாணியைச் சேர்ந்த பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராகச் சேர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. தம்புராவின் குதிரையில் நூலை ஒரு மயிரளவு தள்ளினால் உள்ளிருந்து எத்தனை சுரங்கள் எழும்புகின்றன என்பது இங்கே பாடுகிறவர்களுக்குத் தெரியும். ட்ரோன் உயிரோடு இருப்பது அந்த அசைவில்தான்.

கணினியில் அந்த அசைவுக்கு எளிய வழி உண்டு. ஒரு சுரம் 110 ஹெர்ட்ஸ், இன்னொன்று 110.1. பத்து வினாடிக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து எழும்பி அடங்கும். அப்புறம் மூன்று லூப், அதாவது முடிந்ததும் தானாகத் திரும்பத் தொடங்கும் ஒலித்துண்டுகள், எடுத்துக்கொள்ளுங்கள், 17, 23, 29 வினாடி நீளத்தில். ஒன்றாகத் தொடங்கினால், மறுபடி மூன்றும் ஒரே புள்ளியில் சேர மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை. தொடாமல் இருப்பதுதான் கஷ்டம். இரண்டாவது நிமிடத்திலேயே கை பரபரக்கும், ஏதாவது சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நான் செய்ததில் ஒன்றை, முதல் இருபது நிமிடம் மட்டும், போடுகிறேன். வேலிக்கம்பி, காய்ந்த புல், இரண்டு சுரம். ரிவெர்ப் துளியும் இல்லை. இந்த அரங்கம் தன் பங்குக்கு எதையும் சேர்த்துவிடக் கூடாது என்றுதான் திரைகளையெல்லாம் இழுத்துவிடச் சொன்னேன். உட்கார்ந்தே கேட்க வேண்டும் என்று இல்லை, எழுந்து நடக்கலாம். திரை போட்டாலும் அறைக்குள் அடிநாதம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும், நடந்தால் அது நன்றாகத் தெரியும். கேள்விகளை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.