சிங்க் அடைத்துக்கொண்டதா? பவுடர் வாங்க ஓடாதீர்கள்

[காட்சி: ராயபுரத்தில் ஒரு வீட்டுச் சமையலறை. சிங்க்கில் கலங்கிய தண்ணீர் அசையாமல் நிற்கிறது.]

காலையில் காசிமேட்டில் வாங்கிய மீன் குழம்பாகிவிட்டது. மீன் கழுவிய தண்ணீர்தான் போக மறுக்கிறது. உடனே தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்பி, அடைப்பு நீக்கும் பவுடர் வாங்கிவரச் சொல்வது பல வீடுகளில் வழக்கம். அது வேண்டாம். ஒரு பிளஞ்சர் (கைப்பிடி வைத்த ரப்பர் கிண்ணம்), ஒரு பக்கெட், ஒரு பழைய பிரஷ் இருந்தால் போதும்.

முதலில் குளியலறையை எட்டிப் பாருங்கள். அங்கேயும் தண்ணீர் தேங்கினால் கோளாறு சிங்க்கில் இல்லை. வெளியே சேம்பரிலோ (வீட்டுக் கழிவுநீர் சேரும் மூடி போட்ட தொட்டி) தெருவில் போகும் கழிவுநீர்க் குழாயிலோ இருக்கிறது. தெருக் குழாய் என்றால் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணில் புகார் செய்யுங்கள். காசு கொடுத்து யாரையும் கழிவுநீர்க் குழிக்குள் இறக்காதீர்கள். விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட.

சமையலறையில் மட்டும்தான் தேக்கம் என்றால் தொடர்ந்து பாருங்கள்.

[காட்சி: சிங்க்கின் அடிப்பகுதி. டார்ச் வெளிச்சம் வேஸ்ட் பைப்பின்மேல்.]

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் பெரும்பாலும் இந்த மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் வேஸ்ட் பைப்தான் இருக்கும். எப்படியும் வளையும் என்பதால் மாட்டுகிறவருக்குச் சுலபம். ஆனால் உள்ளே ஒவ்வொரு மடிப்பும் எண்ணெய் உட்காரும் திண்ணை. சோறு வடித்த கஞ்சி சூடாக இருக்கும்வரை ஓடும், ஆறினால் பசையாகிவிடும். அதில் டீத்தூள் ஒட்டும், புளிச்சக்கையின் நார் மாட்டும். எல்லாவற்றிலும் மோசம் மீன் செதில். தண்ணீரில் கரையாது, தட்டையாகப் படுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும்.

[காட்சி: சிங்க்கின் துளைமேல் பிளஞ்சர்.]

ரப்பர் கிண்ணம் மூழ்குமளவு தண்ணீர் நிற்கட்டும். சிங்க்கின் மேல்விளிம்பை ஒட்டி ஒரு சிறு துளை இருந்தால் அதை ஈரத்துணியால் அடைத்துவிடுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். காற்று அந்த வழியாகத் தப்பிவிட்டால் கைவலிதான் மிச்சம். இரட்டைச் சிங்க் என்றால் பக்கத்துத் துளையையும் மூட வேண்டும். அழுத்துவதோடு நிற்காமல் வெடுக்கென்று இழுக்கவும் வேண்டும். அந்த இழுப்பில்தான் கட்டி இடம் பெயரும்.

[காட்சி: பக்கெட் வைத்து நட்டைக் கழற்றும் கைகள்.]

அதற்கும் மசியவில்லையா? தேங்கிய தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டுப் பைப்பைக் கழற்றுங்கள். கீழிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கையாலேயே திருகுங்கள். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் நட்டு விரிசல் விடும். உள்ளே வாஷர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: பக்கெட்டில் விழும் கட்டி. மிக நெருக்கத்தில்.]

இதோ, குற்றவாளி. சாம்பல் நிறம், வழவழப்பு. விரலால் பிளந்தால் உள்ளே அடுக்கடுக்காகச் செதில், நடுவே ஒரு கறிவேப்பிலைக் காம்பு. வீடியோவில் நாற்றம் வராதது உங்கள் அதிர்ஷ்டம். பைப்பைப் பிரஷ் விட்டுத் தேய்த்துக் குளியலறையில் கழுவுங்கள். பழக்கதோஷத்தில் சிங்க் குழாயைத் திறந்துவிடாதீர்கள். அடியில் பைப் இல்லை, பாதம் நனையும். தரையில் பைப் இறங்கும் ஓட்டையின் சல்லடையையும் தூக்கிச் சுத்தம் செய்யுங்கள்.

ஆப்பசோடாவும் வினிகரும்? நுரைப்பது கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். அடைப்பு அப்படியே இருக்கும். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், பிவிசி பைப் 80 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கும். கை பொறுக்கும் சூடு போதும். இனி அந்தப் பவுடர். அதில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. அடைப்பு விடாமல் நின்றுவிட்டால் பைப் முழுக்கக் காரத் தண்ணீர். பிறகு கழற்ற வரும் பிளம்பரின் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடுவது இன்னும் கொடுமை. குளோரின் வாயு கிளம்பும்.

[காட்சி: மீண்டும் மாட்டிய பைப். சிங்க் நிரம்புகிறது.]

வாஷரைச் சரியாக உட்காரவைத்துப் பைப்பை மாட்டியதும், சிங்க்கில் பாதி நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். நட்டின் அடியில் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் இன்னொரு கால் சுற்று.