மழை நின்று போச்சு

நேயர்களுக்கு வணக்கம். தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக 28 வருடம் மனநல வார்டுகளில் நர்ஸாக இருந்தவள் நான். சிரிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

உடனே பூங்காவில் கைதட்டி 'ஹாஹா' போடுகிற காலைக் கூட்டத்தை நினைக்காதீர்கள். 1995இல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற மருத்துவர் தொடங்கிவைத்தது அது. நல்லதுதான். ஆனால் நைட் டியூட்டி முடித்த சிஸ்டரிடம் போய் அதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள், கையில் கிடைத்ததை எறிவாள்! நான் சொல்வது தானாக வரும் சிரிப்பு.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனை. மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவன் புதிதாக ஆண்கள் வார்டில் சேர்ந்திருந்தான். இரவு இரண்டு மணிக்கு ஒரு பெரியவர் "வெள்ளம், வெள்ளம்" என்கிறார். இவன் ஜன்னலைத் திறந்து வானத்தைக் காட்டுகிறான். "மழையே இல்லைங்க ஐயா, பயப்படாதீங்க." பெரியவர் இன்னும் சத்தமாக, "வெள்ளம்!" காலையில் ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதியிருந்தான்: 'நோயாளி இரவு முழுக்க வெள்ளம் வருமென்று பயந்தார். ஆறுதல் கூறப்பட்டது.'

நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவர் கேட்டது அதைத்தான்.

பெரியவர் லித்தியம் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறவர். அதில் தாகம் எடுக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்து ஏறி ஆபத்தாகிவிடும். அதனால் முதலில் தண்ணீர், அப்புறம் டாக்டர், ரத்தப் பரிசோதனை. கடைசியில்தான் சிரிப்பு. அதையும் தொடங்கிவைத்தவர் பெரியவர்தான். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "மதி மோனே, மழ நின்னு" என்றார். போதும் மகனே, மழை நின்று போச்சு என்று அர்த்தம். தம்பியும் சிரித்தான். ஒரு மாதமாக யாரிடமும் முகம் கொடுக்காதவன்.

யாரைப் பார்த்துச் சிரித்தோம், கவனியுங்கள். பெரியவரை அல்ல, எங்களை. திருவனந்தபுரத்தில் மனநல மருத்துவமனை இருக்கிற இடம் ஊளம்பாறை. 'ஊளம்பாறைக்கு அனுப்பணும்' என்று ஊரில் கேலி செய்கிறார்களே, அந்தச் சிரிப்பு எங்களுக்கு ஆகாது. வேலையில் மனசு வற்றிப்போவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது: களைப்பு, வேலையிலிருந்து ஒதுங்கும் மனம், 'என்னால் எதுவும் ஆகவில்லை' என்ற நினைப்பு. வார்டில் எனக்குத் தெரிந்த அடையாளம் வேறு. நோயாளியின் பெயர் போய் 'மூணாம் கட்டில்' என்று வாயில் வரும். அவரைக் கேலி செய்து சிரிப்பது அதற்கு அடுத்த படி.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், நேரம் முடியப் போகிறது. நிர்வாகத்துக்குச் சொல்ல நிறைய வைத்திருந்தேன். சரி, ஒன்று மட்டும். ஆள் பற்றாக்குறைக்குச் சிரிப்பு மருந்தல்ல, ஆள் போடுங்கள். டியூட்டி மாறும்போது பத்து நிமிடம் உட்கார ஒரு மூலையும் ஃபிளாஸ்க்கில் சாயாவும் கொடுங்கள். வணக்கம்.