சொலூசன் காயட்டும்

எல்லாருக்கும் வணக்கம். ஐயா காலமான 31ஆம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் உங்கள் கைகளில் இருக்கிறது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் என்று பெயர்களே இரண்டு பக்கத்துக்குப் போகின்றன, அவருடைய குணத்தையும் நன்றாகவே பாடியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டுகளில் அவருடைய கை இல்லை. 13 வயதில் அவருடைய சைக்கிள் கடையில் காற்றடிக்கச் சேர்ந்தவன் நான், அதனால் அந்தக் கையைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

ஐயா கடை போட்ட காலத்தில் கிளிநொச்சி தனி மாவட்டம்கூட இல்லை, அது 1984இல்தான் ஆனது. இரணைமடுத் தண்ணியை நம்பிக் காணி செய்தவர்கள் கரியரில் நெல்மூட்டை கட்டிக் கட்டிப் பின்சில்லை வளைத்துக்கொண்டு வருவார்கள். அதை நிமிர்த்தித்தான் ஆறு பிள்ளைகளை வளர்த்தார்.

அவர் கோட்டம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழலவிட்டு, றிம்முக்குப் பக்கத்தில் வெண்கட்டியை அசையாமல் பிடிப்பார், வளைந்த இடம் வந்து அதில் உரச ஒரு வெள்ளைக் கீறு விழும், அந்த இடத்தில் மறுபக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி இந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இளக்கி மறுபடி சுழலவிடுவார். கீறு விழாமல் போகும்வரை இதுதான். றலி சைக்கிளுக்கு முன்சில்லில் 32 கம்பி, பின்சில்லில் 40. பேரப்பிள்ளைகள் முதலில் படித்த கூட்டல் கணக்கு அதுதான்.

அப்புறம் போர்க்காலத்தில் அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, வன்னி முழுக்க சைக்கிளில்தான் ஓடியது. நோயாளி, விறகு, தண்ணிக்கான், கலியாணப் பொம்பிளை எல்லாம் சைக்கிள்தான். புது ரயர் காண்பதே அருமை, வெடித்த ரயரை நைலோன் நூலால் தைத்து, உள்ளுக்குப் பழைய ரயர்த் துண்டு வைத்து அனுப்புவார். பின்னேரத்தில் கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை நான் கையால் சுற்ற, டைனமோ கரண்டில் றேடியோ பாடும், செய்தி கேட்க ஊரே கடை வாசலில் நிற்கும்.

1996இல் கிளிநொச்சியைப் பிடிக்க இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை தொடங்கிச் சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் போகத் தொடங்கிய நாளைத்தான் நான் சொல்ல வந்தேன். எல்லாக் கடையும் பூட்டியாகிவிட்டது. ஐயாவின் கடையில் வரிசை. ஓடுவதற்கு ஓடுகிற சைக்கிள் வேண்டுமே! ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வருகிறது, அம்மா படலையில் நின்று "இஞ்சாருங்கோ, பிள்ளையள் காவல் நிக்குதுகள்" என்று கூப்பிடுகிறா. ஐயா ரியூப்பை அரத்தாளால் உரஞ்சி, ஒட்டுகிற சொலூசன் பசையைப் பூசி, அதைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறார். "சொலூசன் காயட்டும். ஈரத்தோட ஒட்டினா வழியில விட்டிடும், இந்தப் பிள்ளைத்தாச்சி எங்க நிண்டு ஆரைக் கூப்பிடுவா?" விரலால் தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை, அதற்குப் பிறகுதான் துண்டை வைத்து அமத்தினார். காசு வாங்கவில்லை. அன்றைக்கு 17 சைக்கிள், எண்ணியவன் நான்.

பெண்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஊர் வேலை பார்த்தார் என்று அப்போது சிலர் கதைத்தார்கள், எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது. குடும்பத்தில் 11 பேர், ஐந்து சைக்கிள். முதல் நாள் இரவே குப்பி விளக்கில் ஐந்தையும் கழற்றிப் பூட்டி, யார் பாரில், யார் கரியரில் என்று பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டார். சின்னப் பேத்தியின் கால் கம்பிக்குள் போகாமல் இருக்கச் சாக்குத் துண்டு கட்டியிருந்தார். தன் வீட்டு வேலையை முடித்த மனிசன்தான் பகலில் ஊருக்குக் குந்தியிருந்தது.

2009ஐப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன். ஒரு மகனை அங்கே விட்டுவிட்டு வந்தார். முள்ளிவாய்க்காலில் குவிந்து கிடந்த சைக்கிள்களுக்குள் தன் கையால் தைத்த ரயர்களைக் கண்டாராம், செட்டிகுளம் முகாமில் வைத்து ஒரே ஒருக்கால் சொன்னார். முகாமில் அவருக்குச் செய்ய வேலை இல்லை. விரல்கள் சும்மா இருந்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே மறுபடியும் கடை போட்டார். எல்லாரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள், வெளிநாட்டில் இருக்கிற மகள் "போதும் அப்பா" என்று ரெலிபோனில் அழுதா, சரி சரி என்பார், காலமை ஆறரைக்குக் கடை திறந்திருக்கும். 88 வயதிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காற்று இலவசம்.

கடைசியாக அவர் தொட்ட சைக்கிள் இப்போதும் கடையில் கவிழ்த்தபடி இருக்கிறது, பச்சை நிற லேடீஸ் சைக்கிள், யாருடையது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பின்சில்லுக்கு 40 கம்பியும் பூட்டியிருக்கிறார், கோட்டம்தான் எடுக்கவில்லை. றிம்மில் வெண்கட்டிக் கீறு அப்படியே இருக்கிறது. அந்தப் பிள்ளை இங்கே வந்திருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், நான் எடுத்துத் தருகிறேன்.