தம்பி அச்சேற்றிய கண்ணன்

அவையோருக்கு வணக்கம்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி குடியிருந்த வீட்டைப் பார்க்க வெளியூர் அன்பர்கள் வருகிறார்கள். கண்ணன் பாட்டு நம் புதுச்சேரியில் பிறந்தது என்று நாமும் பெருமையோடு சொல்கிறோம். பிறந்தது சரி, இந்த ஊர் எல்லையை அது தாண்டியது யாரால்? அந்தக் கேள்விக்காகத்தான் பரலி சு. நெல்லையப்பரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிறு பதிப்பகம் ஒன்றை நடத்துகிறவன் நான். கவிதை நூல் ஒன்றுக்குக் காகிதம் வாங்கும் ஒவ்வொரு முறையும் அவரை நினைத்துக்கொள்வேன்.

அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊருக்கு 1908இல் வந்த பாரதி, ஆங்கில அரசின் எல்லைக்குள் காலெடுத்து வைத்தால் கைது என்ற நிலை. அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய இரண்டு நூல்களையும் அந்த அரசு 1911இல் தடைசெய்துவிட்டது. அப்படிப்பட்டவரின் பாடல்களை அதே அரசின் கண்ணெதிரே, சென்னையில், 1917இல் பதிப்பித்தார் நெல்லையப்பர். கண்ணன் பாட்டு, நாட்டுப்பாட்டு, முரசு என்று அடுத்தடுத்து. அப்போது அவருக்கு வயது 28. வ.உ.சி.யின் தொண்டர், செல்வம் சேர்த்தவர் அல்லர். வரும் நூற்றாண்டுகளில் தமிழ்நாட்டு ஆண்களும் பெண்களும் இப்பாடல்களைப் பாடி மகிழும் காட்சி தமக்கு இப்போதே தெரிகிறது என்று முன்னுரையில் எழுதினார். பாரதியைப் படித்தவர்களே குறைவாக இருந்த காலம் அது! ஒரு பதிப்பாளன் எழுதிய முன்னுரைகளில் இதற்கு மேலான ஒன்றை நான் படித்ததில்லை.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1915 ஜூலை 19 அன்று புதுச்சேரியிலிருந்து பாரதி அவருக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். ஏழு வயது இளையவரைத் 'தம்பி' என்று அழைத்து, "பற! பற! மேலே, மேலே, மேலே!" என்கிறார். ஊரைவிட்டு நகர முடியாத மனிதர், வெளியே இருக்கிற தம்பிக்குச் சிறகு முளைக்கட்டும் என்கிறார். இதை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். இரண்டே ஆண்டுகளில் அந்தத் தம்பிதான் அண்ணனின் பாட்டுகளைப் பறக்கவிட்டார்.

1918 நவம்பரில் எல்லை தாண்டிய பாரதி கடலூர்ச் சிறையில் அடைபட்டார். விடுதலைக்குப் பிறகு, தம் நூல்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீடுதோறும் பரவ வேண்டுமென்று 1920இல் திட்டம் தீட்டினார். பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில், திருவல்லிக்கேணி வீட்டில் பாரதியின் கடைசி இரவில், துணைக்கு இருந்தவர்களில் நெல்லையப்பரும் ஒருவர். பாடையைச் சுமந்தவர்களிலும் ஒருவர். அதன்பின் ஐம்பதாண்டுகள் வாழ்ந்து 1971இல் மறைந்தார்.

அவர் பதிப்பித்த கண்ணன் பாட்டின் முதற்பாட்டு, 'கண்ணன் – என் தோழன்'. மேடையில் இருக்கும் நம் பாடகர் அதை இப்போது பாடுவார். பாடல் முடியும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.