அல்வா மேல் ஓடுதளம்! ஜப்பான் கடலுக்குள் நடக்கும் கூத்து

(திரையில்: வாழையிலைத் துண்டில் சூடான அல்வா. பக்கத்தில் ஓர் ஊதுபத்திக் குச்சி.)

வணக்கம் மக்களே! டவுனில் இப்போதுதான் வாங்கியது, ஆவி பறக்கிறது. இதில் குச்சியை நடுகிறேன். நிற்கிறதா? ஊகும், சாய்ந்துவிட்டது. இதன் மேல் ராணுவ விமானம் இறங்க வேண்டும் என்று ஒருத்தர் சொன்னால் சிரிப்போம்தானே? ஜப்பான் அரசு சிரிக்கவில்லை, கட்டிக்கொண்டிருக்கிறது.

பின்கதை, வேகமாக. ஜப்பானின் தெற்கே இருக்கும் ஒகினாவா தீவுகள் அந்த நாட்டு நிலப்பரப்பில் 0.6 சதவீதம்தான். ஆனால் அந்த நாட்டில் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கேதான். அங்கே ஊர் நடுவே இருக்கும் ஃபுதென்மா என்ற அமெரிக்க விமானத் தளத்தைத் திருப்பித் தருவதாக 1996-ல் ஒப்பந்தம் போட்டார்கள். பதிலுக்கு அதே தீவில் ஹெனோகோ என்ற இடத்தில் கடலைத் தூர்த்து இன்னொரு தளம் கட்டுவார்களாம். தீவுக்காரர்களுக்குக் கொடுத்த முதல் அல்வா அது.

சரி, நம்ம அல்வாவுக்கு வருவோம். 2018 டிசம்பரில் கடலில் மண் கொட்டத் தொடங்கினார்கள். அந்த ஹெனோகோவின் ஓரா விரிகுடாப் பக்கம் கடலடியில் பெரும்பகுதி கொழகொழக் களிமண். அங்கே இதற்குப் பெயரே 'மயோனைஸ் நிலம்'. சத்தியமாக மக்களே, நான் வைத்த பெயரில்லை! ஓரிடத்தில் கடல்மட்டத்திலிருந்து 90 மீட்டர் ஆழம் வரை அந்தக் களிமண் இறங்குகிறது. வேலை செய்யும் கப்பல்களுக்கோ 70 மீட்டர்தான் எட்டும். மீதி 20 மீட்டர்? 'அது கெட்டியாகத்தான் இருக்கும்' என்கிறது அரசு. அந்த இடத்தைச் சோதித்தா சொன்னார்கள்? இல்லை, தள்ளியிருக்கும் வேறு மூன்று இடங்களின் மண்ணை வைத்துக் கணக்குப் போட்டார்கள். பக்கத்து வீட்டுச் சட்டியைக் கிண்டிப் பார்த்துவிட்டு, நம் வீட்டு அல்வா பதம் வந்துவிட்டது என்கிற மாதிரி! எங்கள் ஆச்சி கேட்டால் கரண்டியை எடுத்துவிடுவார்.

இந்த மயோனைஸைக் கெட்டியாக்கச் சுமார் 71,000 தூண்கள் இறக்கும் திட்டம். 2019-ல் போட்ட மதிப்பீட்டில் மொத்தச் செலவு 93,000 கோடி யென்.

அந்தக் கடலில் இருப்பது நீலப் பவளம், கடல்புல், அதை மேய்ந்த கடல்பசு. மன்னார் வளைகுடாவில் நாம் ஆவுளியா என்போமே, அதுவேதான். கடல்பசுவுக்காக 2003-லேயே அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், 2020-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இடையில் 2019 மார்ச்சில் ஒரு கடல்பசு செத்துக் கரையொதுங்கியது.

2019 பிப்ரவரியில் ஒகினாவாவில் நடந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் இந்தத் தூர்ப்பு வேண்டாம் என்றார்கள். தூண் இறக்கும் திட்டத்துக்கு ஒகினாவா ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்தார். 2023 டிசம்பரில் மத்திய அரசே அவருக்குப் பதிலாக அனுமதி கொடுத்துக்கொண்டது. ஆனாலும் தளத்து வாசலில் எதிர்ப்புத் தெரிவித்துப் பெரியவர்கள் உட்காருகிறார்கள், போலீஸ் தூக்கி ஓரமாக வைக்கிறது, மறுபடி வந்து உட்காருகிறார்கள். கடலில் சின்னத் தோணிகள். எனக்கு 2012-ல் இடிந்தகரைக்காரர்கள் கூடங்குளத்துக்கு எதிராகக் கடலில் இறங்கி நின்றதுதான் கண்முன் வந்தது.

உவரி, கூத்தங்குழிப் பக்கம் ஆவுளியாவைக் கண்ணால் பார்த்த தாத்தாமார் இருந்தால், பேரப்பிள்ளைகளே, கேட்டுக் கமெண்டில் போடுங்கள். குச்சியை எடுத்துவிட்டேன். அல்வா ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுகிறேன்.