காலியாக விடப்படும் ஒரு கட்டம்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போது அவசரத்தில் ஓரிரு கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்திட்ட அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அப்படி விடுபடும் கட்டங்களில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் படிவங்களில் ‘இனம்’ என்று கேட்கும் கட்டம் அது.

2020இல் கொரோனா பரவிய முதல் மாதங்களில், அந்நாட்டு ஆய்வகங்கள் அனுப்பிய அறிக்கைகளில் பெரும்பகுதியில் இந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. மாதிரி எடுத்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. ஆகவே ஆய்வகத்துக்குத் தெரியவில்லை. சுகாதாரத் துறைக்கு வெறும் எண்ணிக்கை மட்டும் போய்ச் சேர்ந்தது. எந்த மக்களிடையே நோய் கடுமையாக இருக்கிறது என்பது சரிவரத் தெரியாமலேயே அவசர முடிவுகள் எடுக்கப்பட்டன. ஆய்வகங்கள் இன விவரத்தையும் சேர்த்தே தெரிவிக்க வேண்டும் என்ற கூட்டாட்சி அரசின் விதி ஆகஸ்ட் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் முதல் அலை பல நகரங்களைச் சூறையாடிவிட்டிருந்தது.

காலியான கட்டமாவது கண்ணுக்குத் தெரியும். தவறாக நிரப்பப்பட்ட கட்டம் தெரியாது. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். இறப்புக்கான காரணத்தை மருத்துவர் எழுதுகிறார். இனத்தையோ, பெரும்பாலும் இறுதிச்சடங்கு நிலையத்தின் பொறுப்பாளர்தான் எழுதுகிறார். குடும்பத்தாரைக் கேட்டு எழுத வேண்டும் என்பதே முறை. ஆனால் அழுதுகொண்டிருக்கும் மனைவியிடமோ மகனிடமோ இதைக் கேட்கத் தயங்கி, முகத்தையும் குடும்பப் பெயரையும் பார்த்துத் தானே ஊகித்து எழுதிவிடுபவர்கள் உண்டு. நகரத்தில் வாழ்ந்து மறைந்த பூர்வகுடி அமெரிக்கர் இப்படித்தான் ‘வெள்ளையர்’ ஆகிவிடுகிறார்.

இதன் விளைவைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இறப்பு விகிதம் என்பது ஒரு வகுத்தல். இறந்தவர்களின் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுக்கிறோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மனிதர், ‘நான் பூர்வகுடி’ என்று தாமே சொல்லியிருக்கிறார். இறந்த பிறகோ, வேறொருவர் அவரை வெள்ளையர் என்று எழுதிவிட்டார். உயிரோடு இருந்தபோது ஒரு கணக்கில், இறந்த பின் இன்னொரு கணக்கில். அதனால் பூர்வகுடி மக்களின் இறப்பு விகிதம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரிகிறது. விகிதம் குறைவாகத் தெரியும் மக்களுக்கு நிதியும் குறைவாகவே போகும். நான் பல காலமாக வலியுறுத்தி வருவது இதைத்தான்: இந்தப் பிழை ஏடுகளோடு நின்றுவிடுவதில்லை, சிகிச்சை வரை போகிறது.

இதைத் திருத்த முடியும் என்பதற்கும் சான்று உண்டு. பூர்வகுடிகளுக்கான கூட்டாட்சிச் சுகாதாரச் சேவையின் நோயாளர் பதிவேடுகளை இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆய்வாளர்கள் சரிபார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வுகளில், மறைந்திருந்த இறப்புகள் வெளிப்பட்டு விகிதங்கள் உயர்ந்தன. அந்தச் சேவையை ஒருபோதும் நாடியிராதவர்கள் மட்டும் இன்னும் இந்த வலைக்கு வெளியே இருக்கிறார்கள்.

நேரம் முடியப்போவதாகச் சைகை வந்துவிட்டது. விரிவாகச் சொல்ல எண்ணியிருந்த சிறுநீரக விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களைக் கணக்கெடுக்கத் தேவைப்படும் இன விவரத்தை, உடலை அளக்கும் சூத்திரத்திற்குள் நுழைத்தால் வேறொரு தீங்கு நேர்கிறது. சிறுநீரகச் செயல்திறனைக் கணக்கிட 1999இல் வந்த ஒரு சூத்திரம், கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறத்தாழ 1.2ஆல் பெருக்கச் சொன்னது. நோய் முற்றியவரின் சிறுநீரகமும் தாளில் நன்றாக இருப்பதாகத் தெரிந்ததால், மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர்கள் தாமதமாகவே இடம்பெற்றார்கள். 2021இல் இனம் கலவாத சூத்திரம் வந்தது. 2023 முதல், பழைய கணக்கால் இழந்த காத்திருப்புக் காலத்தையும் அவர்கள் கணக்கில் சேர்த்து, பட்டியலில் முன்னேற வழிசெய்யத் தொடங்கினார்கள். 2024 மார்ச்சுக்குள் 14,000க்கும் அதிகமான கறுப்பின நோயாளிகளுக்கு அது கிடைத்திருந்தது. நன்றி, வணக்கம்.